ஐந்தரை சென்ட்: ஒரு ரைபிளின் கதை

1883-ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநில சட்டசபையில் ஒரு கமிட்டி போட்டார்கள். எதற்குத் தெரியுமா? உட்சக் என்ற பிராணியைப் பற்றி விசாரிக்க! அணில் குடும்பத்தைச் சேர்ந்த இது பெருச்சாளியை விடப் பெரியது. நன்றாகத் தின்று வளர்ந்தால் நாலைந்து கிலோ தேறும். வயலில் வளை தோண்டும், தீவனப் பயிரையும் காய்கறியையும் மேயும். வேலை செய்யும் குதிரையின் கால் அந்த வளைக்குள் போனால் எலும்பு முறியும். கமிட்டி விசாரித்து முடித்ததும், ஒரு உட்சக்கைக் கொன்றால் 10 சென்ட் சன்மானம் என்று முடிவானது.

இப்படித் தொல்லை தரும் பிராணிகளை அமெரிக்க கிராமத்து ஆங்கிலத்தில் 'வார்மின்ட்' என்பார்கள். 'வெர்மின்' என்ற சொல்லின் கொச்சை வடிவம் இது. கிழக்கு மாநிலங்களில் உட்சக், மேற்குச் சமவெளிகளில் ப்ரெய்ரி டாக் (பெயரில்தான் நாய், இதுவும் அணில் குடும்பம்தான்), ஆட்டுக்குட்டிகளைத் தூக்கும் கயோட்டி எல்லாம் இந்தப் பட்டியலில் வரும். விலங்கியலில் இப்படி ஒரு பிரிவே கிடையாது. யார் தொல்லை என்பதை விவசாயி முடிவு செய்தார். அந்த முடிவு தப்பாகப் போனதும் உண்டு. இருபதாம் நூற்றாண்டில் ப்ரெய்ரி டாக்குகளை விஷம் வைத்து ஒழித்ததில், அவற்றையே தின்று வாழ்ந்த கருங்கால் மரநாய் இனமும் அழிவின் விளிம்புக்கு வந்தது. 1987-இல் மிஞ்சியவை வெறும் 18.

இந்தக் கட்டுரையின் விஷயம் அந்த விவசாயி கையில் இருந்த ரைபிள். உட்சக் ரொம்ப எச்சரிக்கையான பிராணி. மனித வாசனை பட்டால் வளைக்குள் போய்விடும். அதனால் 200, 300 மீட்டர் தள்ளி நின்றுதான் சுட வேண்டும். அவ்வளவு தூரத்தில் உள்ளங்கை அகலமுள்ள ஒரு குறியில் குண்டு பட வேண்டும். மான் வேட்டைக்குப் போதுமான ரைபிள் இதற்குப் போதாது. அப்படியானால் எந்த ரைபிளை வாங்குவது? சுமார் நூறு வருடங்களாக அமெரிக்கக் கடைகளில் கேட்கப்படும் கேள்வி இது. காலம் மாற மாற பதிலும் மாறியது. அந்த பதில்களில் ஒன்றுக்குள் ஐந்தரை சென்ட் சமாச்சாரம் ஒன்று ஒளிந்திருந்தது.

ராணுவத்திலிருந்து வயலுக்கு

முதல் பதில், போல்ட் ஆக்ஷன். ஒரு கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் காலித் தோட்டா வெளியே விழும். முன்னால் தள்ளி மடக்கினால் புதுத் தோட்டா உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும். இந்தியாவில் போலீஸ்காரர்கள் பல காலம் தோளில் மாட்டியிருந்த 303 ரைபிள் இந்த ரகம்தான்.

இந்த ரகத்தை முழுமையாக்கியவர் ஜெர்மனியின் பால் மவுசர். அவருடைய 1898 மாடலைப் பார்த்து உலகமே காப்பியடித்தது. அமெரிக்க ராணுவத்தின் 1903 ஸ்பிரிங்ஃபீல்ட் ரைபிளில் மவுசரின் காப்புரிமைகள் இருந்ததால், அமெரிக்க அரசு அந்தக் கம்பெனிக்கு 2 லட்சம் டாலர் ராயல்டி கட்ட வேண்டி வந்தது!

அதற்கு முன் அமெரிக்க விவசாயிக்குப் பிடித்தது லீவர் ஆக்ஷன், அதாவது கௌபாய் படங்களில் வரும் துப்பாக்கி. அதில் பெரும்பாலும் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் ஒன்றன் பின் ஒன்றாகப் படுத்திருக்கும். பின்னால் உள்ள குண்டின் முனை முன்னால் உள்ள தோட்டாவின் வெடிமூடியைத் தொடும் என்பதால் கூர்மையான குண்டு போட முடியாது. மொட்டைக் குண்டு காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும். போல்ட் ஆக்ஷனில் அந்தத் தொல்லை இல்லை. தவிர, ஒவ்வொரு தோட்டாவும் ஒரே இடத்தில் ஒரே இறுக்கத்தில் உட்காரும். முதல் உலகப் போரில் இந்த ரைபிளோடு பழகித் திரும்பிய சிப்பாய்கள் வயலிலும் இதையே கேட்டார்கள்.

முதலில் தோட்டா

அடுத்த பதில், வேகமான சின்ன குண்டு. 1920-களில் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதச் சாலையைச் சேர்ந்த டவுன்செண்ட் வீலன், கேப்டன் வாட்கின்ஸ் போன்றவர்கள் ஒரு பழைய தோட்டாவை மெருகேற்றி .22 ஹார்னெட்டை உருவாக்கினார்கள். வின்செஸ்டர் கம்பெனி 1930-இல் இந்தத் தோட்டாவை விற்க ஆரம்பித்தது. வேடிக்கை என்னவென்றால், அப்போது இதைச் சுடும் ரைபிளை எந்தக் கம்பெனியும் செய்யவில்லை! ஆர்வலர்கள் தாங்களே ரைபிள்களை மாற்றி அமைத்துக்கொண்டார்கள். கம்பெனி ரைபிள்கள் அதற்குப் பிறகுதான் வந்தன.

1935-இல் வின்செஸ்டர் .220 ஸ்விஃப்ட்டைக் கொண்டு வந்தது. சுமார் 3 கிராம் எடையுள்ள குண்டு வினாடிக்கு 1,250 மீட்டர் வேகம். ஒலியை விட மூன்றரை மடங்குக்கும் மேல்! வேகம் கூடினால் குண்டு தாழ்வது குறையும், தூரத்தைக் கொஞ்சம் தப்பாகக் கணித்தாலும் குறி தப்பாது. ஆனால் அவ்வளவு சூடான வாயு குழலின் உட்புறத்தை அரித்தது. சில ஆயிரம் சுடுகளுக்குள் குழல் தேய்ந்துவிடும் என்ற கெட்ட பெயர் ஸ்விஃப்ட்டுக்கு வந்தது. வாங்குபவர் வேகத்தையும் ஆயுளையும் எடை போட்டுப் பார்க்க வேண்டியதாயிற்று. 1930-களிலிருந்தே ஆர்வலர்கள் பட்டறைகளில் செய்துவந்த .22-250 என்ற நடுத்தரத் தோட்டா 1965-இல் கம்பெனிச் சரக்காக வந்து அந்த இடத்தைப் பிடித்தது.

மலிவாகச் செய்தார்கள், துல்லியமும் வந்தது

1948-இல் நியூயார்க் மாநிலம் இலியன் ஊரில் இருந்த ரெமிங்டன் கம்பெனி 721, 722 என்று இரண்டு ரைபிள்களை வெளியிட்டது. போட்டியாளர் வின்செஸ்டரின் மாடல் 70, 1936 முதல் சந்தையில் ராஜாவாக இருந்தது. அது நன்றாகக் கடைந்து செதுக்கிய ரைபிள், அதனால் விலை அதிகம். ரெமிங்டன் அதைவிடக் குறைந்த விலைக்கு விற்க நினைத்தது.

ரெமிங்டனின் இன்ஜினியர் மைக் வாக்கர் குழுவினர் ஒரு எளிய வழி கண்டுபிடித்தார்கள். ரைபிளின் நடு உடலை உருளையாகச் செய்தால் கடைசல் இயந்திரத்திலேயே வேலை முடிந்துவிடும். பின்னுதைப்பைத் தாங்கும் பகுதியைத் தனியாகச் செதுக்காமல், ஒரு தகட்டை குழலுக்கும் உடலுக்கும் நடுவில் வைத்து இறுக்கினார்கள். செலவு குறைந்தது. கூடவே இன்னொரு நன்மையும் வந்தது. உருளை வடிவம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி விறைப்பாக இருந்ததால் ரைபிள் மிகத் துல்லியமாகச் சுட்டது!

வாக்கர் தானே மேஜைமேல் வைத்துச் சுடும் துல்லியப் போட்டிகளில் கலந்துகொள்பவர். 1950-இல் 722-க்கு .222 ரெமிங்டன் என்ற தோட்டாவையும் அவரே உருவாக்கினார். வயலிலும் போட்டிகளிலும் அதற்கு ஏக வரவேற்பு. பின்னாளில் இந்தத் தோட்டாவை நீட்டிச் செய்ததுதான் எம்-16 ராணுவத் துப்பாக்கியின் .223. ராணுவத்திலிருந்து வயலுக்கு ரைபிள் வந்தது. வயலிலிருந்து ராணுவத்துக்குத் தோட்டா போனது.

1962-இல் இதே அமைப்பு கொஞ்சம் அழகுபடுத்தப்பட்டு மாடல் 700 ஆனது. அறுபதுகளிலேயே கனத்த குழலோடு வார்மின்ட் வகையும் வந்தது. தொடர்ந்து சுடும்போது மெல்லிய குழல் சூடேறிக் குறி நகரும், கனத்த குழல் மெதுவாகத்தான் சூடாகும். எடை கூடும்தான். ஆனால் ஒரே இடத்தில் படுத்துச் சுடுபவருக்கு எடை ஒரு பிரச்சினை இல்லை. 1966-இல் அமெரிக்க மரைன் படையும் 1988-இல் ராணுவமும் தங்கள் குறிசுடும் வீரர்களுக்கு இதே 700-ஐ அடிப்படையாகக் கொண்ட ரைபிள்களைத் தேர்ந்தெடுத்தன.

1964: வாடிக்கையாளர் கண்டுபிடித்துவிட்டார்

இந்தப் போட்டியில் வின்செஸ்டருக்கு அடி விழுந்தது. கூலியும் இயந்திரச் செலவும் ஏறிக்கொண்டே போக, 1964-இல் மாடல் 70-ஐ மலிவாகச் செய்ய ஆரம்பித்தார்கள். மவுசர் காலத்திலிருந்து இருந்த, தோட்டாவை விளிம்போடு பிடித்துக்கொள்ளும் பெரிய கொக்கியை எடுத்துவிட்டார்கள். கைப்பிடிக் கட்டையில் கையால் செதுக்கிய கோடுகள் போய் அச்சுக் கோடுகள் வந்தன.

வாடிக்கையாளர்கள் கொதித்துப் போனார்கள். '64-க்கு முந்தையது' என்பது ஒரு தர முத்திரையாகவே மாறியது. பழைய ரைபிள்கள் புதியதை விட அதிக விலைக்குப் போயின. கடைசியில் 1992-இல் வின்செஸ்டர் அந்தக் கொக்கியைத் திரும்பக் கொண்டு வந்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வின்செஸ்டர் குறைத்த செலவு கண்ணுக்குத் தெரிந்தது. கையில் எடுத்துப் பார்த்தாலே புரிந்தது. அதனால் சந்தை உடனே தண்டித்தது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் செலவைக் குறைத்தால் என்ன ஆகும்?

விசைக்குள் ஒரு துண்டு

தூரத்தில் சுடுவதற்கு விசை மிக முக்கியம். 300 மீட்டரில் 9 சென்டிமீட்டர் குறி தவற வேண்டுமானால், ரைபிள் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு அசைந்தாலே போதும். விசை கனமாகவோ கரகரப்பாகவோ இருந்தால், இழுக்கும்போதே அந்த அளவு அசைந்துவிடும். ஆகவே வார்மின்ட் ரைபிள் வாங்குபவர் கடையில் முதலில் விசையைத்தான் இழுத்துப் பார்ப்பார். கண்ணாடிக் குச்சி முறிவது போல 'டக்'கென்று விட வேண்டும்.

மைக் வாக்கர் வடிவமைத்த விசை அப்படித்தான் இருந்தது. ரெமிங்டன் இவ்வளவு விற்றதற்கு அதுவும் ஒரு காரணம். சாதாரண ரைபிளில், வெடிக்க வைக்கும் ஊசியைத் தடுத்து நிறுத்தும் துண்டை விசையே நேரடியாகத் தாங்கும். வாக்கர் இரண்டுக்கும் நடுவில் 'கனெக்டர்' என்ற மெல்லிய உலோகத் துண்டைச் சேர்த்தார். அது விசையோடு பிணைக்கப்படவில்லை, ஒரு ஸ்பிரிங் மட்டுமே அதை விசையோடு ஒட்டி வைத்தது. சுடும்போது அது விசையை விட்டுக் கொஞ்சம் விலகி, திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும்.

அந்த இடைவெளியில் தூசியோ, காய்ந்த எண்ணெயோ, துருவோ மாட்டினால்? கனெக்டர் முழுதாகத் திரும்பாது. தாங்க வேண்டிய துண்டு நூலிழையில் நிற்கும், அல்லது நிற்காமலே போகும். சேஃப்டி பூட்டியிருக்கும் வரை ஒன்றும் தெரியாது. சேஃப்டியை விடுவித்த கணமே ரைபிள் வெடிக்கலாம். விசையில் விரலே பட்டிருக்காது.

இதில் இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. அந்தக் கால ரெமிங்டனில் சேஃப்டி போட்டிருந்தால் போல்ட்டைத் திறக்க முடியாது. தோட்டாவை வெளியே எடுக்க வேண்டுமானால் சேஃப்டியை விடுவித்தே ஆக வேண்டும். வேட்டை முடிந்து, குடும்பத்தாரும் நண்பர்களும் வண்டியைச் சுற்றி நிற்கும் நேரத்தில்தான் எல்லோரும் தோட்டாவை எடுப்பார்கள்.

இது கம்பெனிக்குத் தெரியாமல் இல்லை. ரைபிள் சந்தைக்கு வரும் முன்பே, 1946-47 காலத்துச் சோதனைக் குறிப்புகளில் இந்த ஆபத்து பதிவாகியிருந்தது. 1948-இல் வாக்கரே ஒரு திருத்தத்தை முன்வைத்தார். சேஃப்டி போட்டிருக்கும்போது விசையையும் அசையாமல் பிடிக்கும் ஒரு தடுப்பு அது. ஒரு ரைபிளுக்கு ஆகும் கூடுதல் செலவு ஐந்தரை சென்ட். திருத்தம் ஏற்கப்படவில்லை. வழக்குகளில் வெளியான இந்த ஆவணங்களை 2010-இல் சிஎன்பிசி தொலைக்காட்சி ஒரு ஆவணப்படமாகக் காட்டியபோதுதான் பொதுமக்களுக்கு இது பரவலாகத் தெரிய வந்தது.

கணக்கு ஏறியது

1978-இல் டெக்சாஸில் ஒரு வழக்கு. ரெமிங்டன் மாடல் 600 ரைபிளிலிருந்து தோட்டாவை எடுக்கும்போது அது வெடித்து ஒரு வக்கீல் முடமானார். கம்பெனி 68 லட்சம் டாலர் கொடுத்து சமரசம் செய்தது. அந்த ஆண்டே மாடல் 600 திரும்ப அழைக்கப்பட்டது.

அப்படியானால் மாடல் 700? 1979 ஜனவரியில் கம்பெனியின் உள் கமிட்டி ஒரு கணக்குப் போட்டது. 1975-க்கு முன் செய்தவை சுமார் 20 லட்சம் ரைபிள்கள். அதில் ஒரு சதவீதத்தில், அதாவது 20,000-இல், இந்தக் குறை வெளிப்படலாம். 20,000-ஐக் கண்டுபிடிக்க 20 லட்சத்தைத் திரும்ப அழைப்பதா? வேண்டாம் என்று முடிவானது. 1982-இல் போல்ட் பூட்டை மட்டும் எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு செய்த ரைபிள்களில் சேஃப்டி போட்டபடியே தோட்டாவை எடுக்கலாம். ஏற்கெனவே விற்றவை வீடுகளில் அப்படியே இருந்தன.

அரசாங்கம் ஏன் தலையிடவில்லை என்ற கேள்வி எழும். அமெரிக்காவில் 1972-இல் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தை உருவாக்கிய சட்டமே துப்பாக்கிகளை அதன் அதிகாரத்திலிருந்து விலக்கிவிட்டது. பொம்மையைத் திரும்ப அழைக்கச் சொல்லலாம், துப்பாக்கியை முடியாது!

1994-இல் டெக்சாஸ் ஜூரி ஒன்று, தோட்டாவை எடுக்கும்போது வெடித்த 700-ஆல் பாதத்தில் குண்டடி பட்டவருக்கு 1 கோடியே 70 லட்சம் டாலர் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதில் 1 கோடியே 50 லட்சம் தண்டனைத் தொகை.

2000-ஆம் ஆண்டு அக்டோபரில் மோன்டானா மலைப்பகுதியில் ஒரு குடும்பம் வேட்டைக்குப் போனது. திரும்பும்போது தாய் தன் மாடல் 700-லிருந்து தோட்டாவை எடுக்க சேஃப்டியை விடுவித்தார். ரைபிள் வெடித்தது. அருகே நின்ற, குதிரைகளை ஏற்றிச் செல்லும் டிரெய்லரைக் குண்டு துளைத்துச் சென்றது. அதற்கு அந்தப் பக்கம் அவருடைய ஒன்பது வயது மகன் நின்றிருந்தான். அவன் பிழைக்கவில்லை. விசையில் தன் விரல் படவில்லை என்றார் தாய். அதன் பிறகு தந்தை பல வருடங்கள் அலைந்து ஆவணங்களைத் திரட்டினார்.

ரெமிங்டன் கடைசி வரை தன் விசையில் குறை இல்லை என்றுதான் சொன்னது. சரியாகப் பராமரிக்காதது, விசையை உரிமையாளர்களே திருகி மாற்றியது, குழலை ஆட்கள் பக்கம் திருப்பியது இவையே காரணம் என்பது அதன் வாதம். இந்தக் காரணங்களும் சில விபத்துகளில் இருந்திருக்கும். ஆனால் வயலில் புழங்கும் பொருளில் தூசி படியும் என்பது செய்கிறவருக்குத் தெரியாத விஷயமா என்ன?

இன்னொரு கம்பெனி, இன்னொரு விசை

இதே காலத்தில் மூன்றாவதாக ஒரு கம்பெனியும் இருந்தது. சாவேஜ் 1958-இல் கொண்டு வந்த மாடல் 110-ஐப் பார்த்தால் யாருக்கும் பிடிக்காது. குழலை ஒரு பெரிய நட்டு போட்டு இறுக்கியிருக்கும். ஆனால் அந்த நட்டால்தான் தோட்டா உட்காரும் இடைவெளியைத் துல்லியமாக அமைப்பது சுலபமானது. மலிவு ரைபிள், நல்ல குறி. அப்படியும் 1988-இல் சாவேஜ் திவாலாகி மீண்டது. அதன் பெரிய குறை கரகரப்பான விசை.

2002-இல் சாவேஜ் 'அக்யூ டிரிகர்' என்ற புது விசையை அறிவித்தது. விசைக்கு நடுவில் மெல்லிய தகடு ஒன்று இருக்கும். விரல் அந்தத் தகட்டை அழுத்தினால்தான் வெடிக்கும். வேறெந்த வழியில் உள்ளே நழுவினாலும் தகடு தடுத்து நிறுத்திவிடும். வாங்கியவரே விசையின் இழுப்பை லேசாக்கிக்கொள்ளலாம். துல்லியமும் பாதுகாப்பும் ஒன்றாகவே கிடைக்கும் என்று ஆனது. மற்ற கம்பெனிகளும் இதே போன்ற விசைகளோடு பின்தொடர்ந்தன.

ரெமிங்டனும் 2006-இல் கனெக்டர் இல்லாத புது விசைக்கு மாறத் தொடங்கியது. 2014-இல் அதையும் திரும்ப அழைக்க நேர்ந்தது. பொருத்தும்போது ஒட்டும் பசை அதிகமாகிவிட்டதாம். அதே ஆண்டு, தவறை ஒப்புக்கொள்ளாமலே, சுமார் 75 லட்சம் துப்பாக்கிகளை உள்ளடக்கிய ஒரு சமரசத்துக்குக் கம்பெனி சம்மதித்தது. பல மாடல்களுக்கு விசையை இலவசமாக மாற்றித் தருவதாகச் சொன்னது. ஆனால் கேட்டு வந்தவர்கள் ஒரு சதவீதத்துக்கும் மிகக் குறைவு. மீதி ரைபிள்கள் அலமாரிகளிலும் பரண்களிலும் இருக்கின்றன. ரெமிங்டன் 2018-இலும் 2020-இலும் திவாலானது. இலியன் தொழிற்சாலை 2024-இல் மூடப்பட்டது. திவாலுக்குக் கடன் சுமை உட்பட வேறு காரணங்களும் உண்டு, விசையின் தலையில் முழுப் பழியையும் போட முடியாது.

கடைசிக் கணக்கு

ஒரு ரைபிளுக்கு ஐந்தரை சென்ட். 20 லட்சம் ரைபிளுக்கு 1,10,000 டாலர். விலைவாசி ஏற்றத்துக்காகப் பத்து மடங்கு வைத்தாலும் 11 லட்சம். 1994-இன் ஒரே ஒரு தீர்ப்பு 1 கோடியே 70 லட்சம். காஸ்ட் அக்கவுண்டிங் பாடத்தில் தடுப்புச் செலவு, தோல்விச் செலவு என்று இரண்டு தலைப்புகள் வரும். முதலாவதில் மிச்சம் பிடித்தால் இரண்டாவதில் பல மடங்காகக் கட்ட வேண்டும் என்பார்கள். இந்த இரண்டு எண்களை விட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். ஆனால் மோன்டானாவில் நடந்ததை எந்தத் தலைப்பில் எழுதுவது?

வார்மின்ட் ரைபிள் தேர்ந்தெடுப்பவர்கள் நூறு வருடமாக அலசியவை தோட்டா, குழல், போல்ட், விலை, விசையின் மென்மை. இவை எல்லாவற்றையும் கடையிலோ சுடும் இடத்திலோ சோதித்துவிடலாம். ஐந்தில் ஏதாவது ஒன்றில் கம்பெனி ஏமாற்றினால் வின்செஸ்டருக்கு நடந்ததே நடக்கும். ஆறாவது விஷயம் விசைப் பெட்டியின் உள்ளே இருந்தது. அதைப் பற்றிக் கம்பெனிக்கு 1940-களிலேயே தெரியும், வாங்கியவருக்குத் தெரியாது. சந்தை சரி செய்துவிடும் என்ற வாதம் வேலை செய்யாமல் போன இடம் இதுதான்.

பழைய ரைபிளை வாங்குபவர்களுக்கு அனுபவசாலிகள் சொல்லும் ஒரு எளிய சோதனை உண்டு. ரைபிளில் தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டு, ஆள் இல்லாத பக்கம் குழலைத் திருப்பி, போல்ட்டை மூடி, சேஃப்டியைப் போட்டு, விசையை அழுத்தி விட வேண்டும். பிறகு விசையைத் தொடாமல் சேஃப்டியை விடுவிக்க வேண்டும். 'க்ளிக்' சத்தம் கேட்டால் அந்த ரைபிளை நம்பக் கூடாது. கேட்காவிட்டாலும் முழுதாக நம்ப முடியாது, ஏனென்றால் அந்தக் கனெக்டர் நூறு தடவை சரியாகத் திரும்பி நூற்றி ஒன்றாம் தடவை நிற்கலாம். அதனால்தான் எந்த ரைபிளானாலும், எத்தனை சேஃப்டி இருந்தாலும், குழல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் அந்தப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதையும் முதலில் பார்க்கச் சொல்கிறார்கள்.